அன்னைக்கு நாங்களே அணைச்சோம்

தம்பி, கொஞ்சம் அந்தப் பையை மடியில வச்சுக்கிறீங்களா? கீழ வச்சா எவனாச்சும் மிதிச்சுப்புடுவான். புதுப் பை. இன்னைக்குத்தான் குடுத்தாய்ங்க. மதுரையில பெரிய ஹோட்டல்ல மீட்டிங்கு. உள்ள ஒரு பேனா, ஒரு தண்ணி பாட்டிலு. ஆமா, மேல போட்டிருக்கே, அந்தக் கம்பெனி பேருதான். உங்க கையில ஓடுதே மேட்ச்சு, அதுவும் அவய்ங்களோடதுதான். பாருங்க பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல. சவுண்டை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க.

என் பேரு சங்கிலி. கருவேலம்பட்டி. எங்க ஊர்ல இறங்கி 'கேபிள் சங்கிலி'ன்னு கேட்டா சின்னப்புள்ளகூட வீட்டைக் காட்டும். காட்டும்னா, காட்டுச்சு. இப்ப எப்படின்னு தெரியல.

மீட்டிங்கு எதுக்குன்னு கேட்கிறீங்களா? கேட்கலையா? சரி, நானே சொல்றேன். டெல்லியில இருந்து ஒரு ஆணையம் வந்திருக்கு. இந்த டி.வி., கேபிள், இன்டர்நெட்டு எல்லாத்தையும் ஒரே கம்பெனி முழுங்கிருச்சா இல்லையான்னு பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்கிறாய்ங்க. இல்லையான்னு கேட்கிறதைப் பாருங்க! தொண்டைக்குள்ள போய் வயித்துல இறங்கி ஏப்பமும் விட்டாச்சு, இப்ப வந்து கருத்துக் கேட்கிறாய்ங்க. அந்த மீட்டிங்குக்குப் பை குடுத்ததும் அதே கம்பெனிதான். ஆனா பை நல்ல பை. அதைக் குறை சொல்லக் கூடாது.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். காசு கேட்கல. எங்க ஊர் சேனலை எனக்குத் திருப்பிக் குடுங்க, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க, ஒரே ஒருநாள் குடுத்தாக்கூடப் போதும். அம்புட்டுத்தான். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரிக்கு முப்பதாம் நாள், முப்பது கும்பிடுறோம். ஊருக்குச் சொல்லணும்ல?

ஆமா தம்பி. போய்ச் சேர்ந்துட்டா. முனீஸ்வரின்னு பேரு. அதுக்கு வருவோம். மொதல்ல இந்தக் கம்பெனிக்காரன் பண்ணின அநியாயத்தைக் கேளுங்க.

கேபிள் தொழில்னா என்னன்னு உங்க வயசுக்குத் தெரியாது. மதுரையில பெரிய கன்ட்ரோல் ரூமு இருக்கும். அங்க எல்லாச் சேனலையும் பிடிச்சு வயர்ல அனுப்புவாய்ங்க. அதை வாங்கி ஊருக்குள்ள கம்பத்துக்குக் கம்பம் இழுத்து வீட்டுக்கு வீடு குடுக்கிறது நம்ம வேலை. அப்பல்லாம் மதுரையில அந்த மாதிரி பெரிய ஆளுக ரெண்டு பேரு இருந்தாய்ங்க. ஒருத்தன் முறைச்சா இன்னொருத்தன்கிட்ட போயிக்கலாம். அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. நம்மளைப் பார்த்தா எந்திரிச்சு காபி சொல்லுவாய்ங்க.

ஊருக்குள்ள நான் ஒருத்தன்தான். ஒருத்தன்னா, ஆரம்பத்துல ஒருத்தன் இல்ல. கீழத்தெருவுல சவரிமுத்துன்னு ஒரு பய லைன் போட்டு வச்சிருந்தான். நல்ல உழைப்பாளி, அதை மறைக்கக் கூடாது. ஏணியைத் தோள்ல மாட்டிக்கிட்டு சைக்கிள்லயே போவான். படம் புள்ளி அடிக்குதுன்னு எவனாச்சும் சொன்னா அஞ்சாவது நிமிஷம் மாடியில நிப்பான். அதான் தொந்தரவே. அவன் போய் நின்னா நானும் போய் நிக்கணும்ல? அவன் வாடகையைக் குறைச்சா நானும் குறைக்கணும். இப்படியே போனா தொழில் உருப்படுமா? தொழில்னா ஒரு ஒழுங்கு வேணும் தம்பி.

அப்ப பேரூராட்சித் தலைவர் நமக்கு மாமா முறை. நேரா போய்ச் சொன்னேன். மாமா, ஒரு ஊர்ல ரெண்டு லைன் ஓடினா வயரோட வயர் சிக்கும், கரண்டு பாயும், நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு? ஒரே லைன் இருந்தாத்தான் ஜனங்களுக்குப் பாதுகாப்பு, தரமும் இருக்கும்னேன். மாமா நியாயஸ்தர். ஊருக்கு ஒரு லைன்தான்னு தீர்மானம் போட்டுட்டாரு. அதுக்கப்புறமும் சவரி விடல. கம்பம் இல்லாட்டி என்னன்னு மாடிக்கு மாடி கட்டி இழுத்துட்டான். பிடிவாதக்காரன்.

அப்புறம் ஒருநாள், உலகக் கோப்பை ஃபைனல் அன்னைக்கு, அவனோட மெயின் வயரை எவனோ வெட்டிப்புட்டான். எவன்னு எனக்கு எப்படித் தெரியும்? கீழத்தெரு பூரா டி.வி. இருட்டு. ஜனம் பாவம், கிடந்து துடிக்குது. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நான் ரெண்டு பயகளைக் கூட்டிக்கிட்டு ஏணி, வயர்ச் சுருள் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போய் நின்னேன். முதல் நாளே வாங்கி வச்ச வயருதான். வீட்டுக்கு வீடு இலவசமா இழுத்துக் குடுத்தேன். ஒரு மாசத்துக்குக் காசே வேண்டாம்னுட்டேன். அதெல்லாம் சேவை தம்பி. இப்ப எவன் செய்வான்? முதல் பேட்டிங் முடியறதுக்குள்ள கீழத்தெரு நம்ம லைனுக்கு வந்துருச்சு.

சவரி கம்பத்தடியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் லோடு ஆட்டோ ஓட்டப் போயிட்டான். அதுவும் நல்ல தொழில்தானே.

அதுக்கப்புறம் ஊரே நம்ம கையில. சும்மா சொல்லல, ராஜா மாதிரி இருந்தேன். ஊர் சேனல் ஒண்ணு ஆரம்பிச்சேன். 'சங்கிலி விஷன்'. பொங்கல் விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, காதுகுத்து, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் போடுவோம். ஆனா ஜனம் பார்த்தது எதுக்குன்னு நினைக்கிறீங்க? எழவுக்கு. சிரிக்காதீங்க. நிஜமாத்தான். ஊர்ல யாரு செத்தாலும் கொட்டுக்காரனுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கன்ட்ரோல் ரூமுக்குத்தான் போட்டோவைத் தூக்கிட்டு ஓடி வருவாய்ங்க. போட்டோவைப் போடுவோம், கீழ பேரு ஓடும், முனீஸ்வரி மைக்ல படிப்பா.

அவ குரல் அப்படி ஒண்ணும் ரேடியோக் குரல் கிடையாது. கொஞ்சம் கரகரன்னு இருக்கும். ஆனா அவ 'மரண அறிவிப்பு'ன்னு ஆரம்பிச்சா எங்க ஊர்ல அடுப்புல வச்சதை அப்படியே போட்டுட்டு வந்து நிப்பாங்க. எழுதிக் குடுத்ததை மட்டும் படிக்க மாட்டா. நாலு மணிக்கு எடுக்கிறாங்க, மக ஓசூர்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், பொறுத்து வாங்கம்பா. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கங்கம்பா. நான் திட்டுவேன். ஏன்டி, இது என்ன குழாயடியா, எழுதினதைப் படிச்சா ஆகாதான்னு. கேட்க மாட்டா. ஆனா அவ சொன்னா கூட்டம் வரும். ஒரு பிச்சைக்காரக் கிழவர் பஸ் ஸ்டாண்டுல செத்துக் கிடந்தாரு. பேரே தெரியாது. இவ படிச்சா. அந்தாளுக்கு ஊரே மாலை போட்டுச்சு.

காசா? செத்ததுக்கெல்லாம் காசு வாங்க மாட்டேன். அதுல நான் கறாரு. யாரா இருந்தாலும் போடுவேன்.

ஒரே ஒரு தடவைதான் போடல. சவரியோட அம்மா செத்தப்ப. அந்தப் பய அப்ப என் மேல போலீஸ்ல மனு குடுத்திருந்தான், வயரை நான்தான் வெட்டினேன்னு. மனு குடுத்தவனுக்கு எப்படிப் போடுறது, நீங்களே சொல்லுங்க. ஆள் அனுப்பி போட்டோவைக் குடுத்து விட்டிருந்தான். முனீஸ்வரி மைக்கைக்கூட எடுத்துட்டா. "செத்தவளுக்கு என்னங்க அந்த லைனு, இந்த லைனு"ன்னா. உனக்குத் தொழில் தெரியாது, வையி மைக்கைன்னேன். வச்சுட்டா. அன்னைக்குப் பூரா சேனல்ல பாட்டுத்தான் ஓட்டினேன். தொழில்னா சில நேரம் அப்படித்தான் தம்பி. இளக்காரம் குடுத்தா ஏறி மிதிச்சுட்டுப் போயிருவாய்ங்க.

டோல்கேட்டு வந்துருச்சா? இங்க நின்னா பத்து நிமிஷம் ஆகும். நல்லதாப் போச்சு, கேளுங்க.

நாலஞ்சு வருஷம் முந்திதான் இந்தக் கம்பெனி வந்துச்சு. மொதல்ல மதுரையில இருந்த ரெண்டு பெரிய ஆளுகளையும் வாங்கிப்புட்டாய்ங்க. ரெண்டு பேரையும்! அப்ப நாம எங்க போறது? கிஷோர்னு ஒரு பையன் வந்தான். கழுத்துல பட்டை, கையில லேப்டாப்பு, வாயைத் திறந்தா 'சார் சார்'. நாங்க குடும்பம் சார், நீங்கதான் சார் எங்க கை காலுன்னான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம பங்கைக் குறைச்சாய்ங்க. என்னப்பா குடும்பம்னு சொன்னீங்களேன்னா, மேலிடம் சார்ங்கிறான். எந்த மேலிடம்? ஃபோனைப் போட்டா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பளைக் குரலு. முனீஸ்வரி மாதிரி அது நின்னு பதில் சொல்லாது.

அப்புறம் ஃபைபர்னு ஒண்ணு கொண்டு வந்தாய்ங்க. டி.வி., ஃபோனு, இன்டர்நெட்டு எல்லாம் ஒரே வயர்ல. நம்மளைக் கேட்காமலே நம்ம ஊருக்குள்ள கம்பம் நட ஆரம்பிச்சுட்டாய்ங்க. நான் விடுவேனா? பேரூராட்சிக்குப் போனேன். அங்க இப்ப ஒரு அதிகாரிதான். மேல இருந்து அனுமதி வந்திருக்குங்கிறாரு. கலெக்டர் ஆபீஸ்ல போய் உக்காந்தேன். இது ரெண்டு தனியாருக்கு நடுவுல உள்ள விஷயம், அரசாங்கம் எப்படித் தலையிடும்ங்கிறாய்ங்க. மந்திரிக்கு வேண்டியவரைப் போய்ப் பார்த்தேன். "போட்டி இருந்தா ஜனங்களுக்கு நல்லதுதானே சங்கிலி"ங்கிறாரு. போட்டியா? ஒருத்தன் மட்டும் ஓடுற பந்தயத்துக்குப் பேரு போட்டியா? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தம்பி. ஒரு சாதாரண ஏழை எளிய தொழிலாளியை, மேல ஆள் வச்சிருக்கோம்ங்கிற திமிர்ல இப்படி நசுக்கலாமா? கேட்கிறதுக்கு ஒரு நாதி வேண்டாமா? சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

அப்பத்தான் திருமங்கலத்துல சங்கக் கூட்டம் போட்டோம். ஜில்லா பூரா உள்ள ஆபரேட்டர்கள் எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துல. காஜா மைதீன் பாய்தான் தலைவர். ஆளாளுக்குக் கத்துறாய்ங்க. உண்ணாவிரதம்ங்கிறான் ஒருத்தன், மொட்டை அடிப்போம்ங்கிறான் இன்னொருத்தன். நான் எந்திரிச்சேன். "வர்ற ஞாயித்துக்கிழமை ஃபைனல் மேட்ச்சு. அன்னைக்கு ஜில்லா முழுசும் நாமளே லைனை அணைச்சுப்புடுவோம். ஜனம் தெருவுக்கு வரும். அணைச்சாத்தான் அருமை தெரியும். எனக்கு அதுல அனுபவம் இருக்கு"ன்னேன். என்ன அனுபவம்னு எவனும் கேட்கல. கை தட்டினாய்ங்க பாருங்க, மண்டபமே அதிர்ந்துச்சு. காஜா பாய் மட்டும், "ஜனம் நம்மளைத் திட்டினா என்ன பண்றது சங்கிலி?"ன்னாரு. திட்டட்டும் பாய், அந்தத் திட்டு கலெக்டர் காது வரைக்கும் போகட்டும்னேன். அதுக்கும் கை தட்டினாய்ங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு கை தட்டு வாங்கினதில்ல.

ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சு விபூதி பூசிக்கிட்டு கன்ட்ரோல் ரூமுக்குப் போறேன், முனீஸ்வரி வாசல்ல வந்து நிக்கிறா. "அணைக்காதீங்க"ங்கிறா. ஏன்டின்னேன். "கீழத்தெருவுல அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மறந்து போச்சா உங்களுக்கு?" அது வேற, இது வேற, போடி உள்ளன்னேன். அது வேறதானே? அது அவன் லைன். இது நம்ம லைன். நம்ம லைனை நாம அணைக்கிறதுக்கு நமக்கு உரிமை இல்லையா?

அணைச்சேன். ஊர் பூரா கறுப்பு. எனக்கு ஒரு சந்தோஷம், சொல்லக் கூடாது, நெஞ்சு நிமிர்ந்துருச்சு. ஜனம் தெருவுக்கு வந்துச்சு. திட்டினாய்ங்க. நான் நினைச்ச மாதிரியேதான் எல்லாம் நடந்துச்சு. மேட்ச்சுல டாஸ் போடுற நேரம் இருக்கும், தெரு முனையில வண்டிச் சத்தம் கேட்குது.

தயாரா வந்திருக்காய்ங்க தம்பி! வேன் வேனா. ஏணி, வயர்ச் சுருள், ஒரே கலர்ல பனியன் போட்ட பயக. வீட்டுக்கு வீடு போறாய்ங்க. இலவசமா மாட்டித் தர்றோம், ரெண்டு மாசத்துக்குக் காசே வேண்டாம்ங்கிறாய்ங்க. இதைவிட ஒரு ஈனத்தனம் உண்டா? அடுத்தவன் இருட்டுல கிடக்கிற நேரம் பார்த்து அவன் வயித்துல அடிக்கிறதுக்கு எப்பேர்ப்பட்ட மனசு வேணும்? எவன் மூளையில உதிச்சுச்சோ இப்படி ஒரு யோசனை! பெரிய படிப்புப் படிச்சவனாத்தான் இருக்கும். நம்மளை மாதிரி ஆளுகளுக்கு இதெல்லாம் தோணாது.

அந்த ஏணியெல்லாம் ஏத்திக்கிட்டு ஒரு லோடு ஆட்டோ வந்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்தவன் யாரு? சவரி. வாடகைக்குக் கூப்பிட்டிருக்காய்ங்க, வந்திருக்கான். ஸ்டியரிங்ல கையை வச்சுக்கிட்டு என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தான். சிரிச்சிருந்தாலாச்சும் ரெண்டு அறை விட்டிருப்பேன். சிரிக்கக்கூட இல்ல.

சாயங்காலம் வரைக்கும் அணைக்கிறதுன்னு சங்கத் தீர்மானம். நான் மத்தியானமே ஓடிப் போய்ப் போட்டுட்டேன். எல்லாருமே அப்படித்தான் போட்டிருக்காய்ங்க, பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. போட்டு என்ன செய்ய? பார்க்க வீடு இல்லையே. இருபது வருஷமா ஏணி ஏறி இழுத்த லைன் தம்பி. ஒரு மேட்ச்சு நேரத்துல போச்சு. எங்க வீட்டுல? ம்... மருமக வாங்கிட்டா. பேரன் ஃபோன்லதான் படிக்கிறான். ரெண்டு மாசம் இலவசம்னு குடுக்கும்போது வேண்டாம்னா சொல்ல முடியும்?

அந்த ரெண்டு மாசம் முடிஞ்சதும் வாடகையை ஏத்தினாய்ங்க பாருங்க, ஊரே வாயில அடிச்சுக்கிச்சு. என்கிட்ட ரெண்டு பேரு வந்து, அண்ணே, உங்க லைனையே திரும்பக் குடுங்கன்னாய்ங்க. எங்க இருந்து குடுக்கிறது? மதுரையில இருந்து வர்ற சிக்னலும் அவய்ங்களோடதுதானே. அதை எப்பவோ நிறுத்திப்புட்டாய்ங்க. ஊர் சேனலையாவது கம்பெனி வயர்ல ஒரு ஓரமாப் போடுங்கடான்னு கெஞ்சினேன். ஏதோ விதியாம். பதிவு பண்ணின கம்பெனிதான் சேனல் நடத்தலாமாம், எங்கிட்ட எந்தக் காகிதமும் இல்லையாம். நானா விதி போட்டேன்? முனீஸ்வரி மைக்கை ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வச்சா. அதுக்கப்புறமும் எழவு வீட்டுக்காரங்க போட்டோவைத் தூக்கிட்டு வருவாங்க. சேனல் இல்லப்பான்னு சொல்லி அனுப்புவேன். இவ செருப்பை மாட்டிக்கிட்டு நாலு தெரு நடந்து போய் வாயாலயே சொல்லிட்டு வருவா. முட்டி வலிக்குதுடின்னா கேட்க மாட்டா.

அவ போனது ஒரு வியாழக்கிழமை. அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே உக்காந்தா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சு போச்சு.

வீட்டுல கொண்டாந்து கிடத்திட்டாங்க. எல்லாரும் அழறாங்க. நான் எங்க போனேன் தெரியுமா? கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். பழக்கம் தம்பி. எழவுன்னா என் காலு அங்கதான் போகும். கம்ப்யூட்டரைப் போட்டேன். அவ போட்டோவை வச்சேன். பேரை அடிச்சேன். வயசு அடிச்சேன். எல்லாம் முடிச்சுட்டு, "முனீஸ்வரி, ரெடி, வந்து படி"ன்னு கூப்பிட்டுட்டேன்.

...

ஒண்ணும் இல்ல, ஜன்னல் காத்து. கண்ணுல தூசி.

அப்புறம் கம்பெனிக்கு ஃபோனைப் போட்டேன். கிஷோர் இல்ல, அந்தப் பையனையும் வேலையை விட்டுத் தூக்கிட்டாய்ங்களாம். ஒண்ணை அமுக்கி, நாலை அமுக்கி, கடைசியில ஒரு புள்ளை பேசுச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒரு போட்டோ போடணும்மா, எங்க ஊருக்கு மட்டும்னேன். அந்த மாதிரி போடுறதில்ல சார்னுச்சு. ஏம்மான்னேன். மரணம் போட்டா விளம்பரம் குடுக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க சார்னுச்சு. அதுவும் நல்ல புள்ளைதான், கடைசியில ஸாரி சார்னு சொல்லிட்டுத்தான் வச்சுச்சு.

எங்க தெருவுல உள்ளவங்க வந்தாங்க. சொந்தக்காரங்க வந்தாங்க. ஊர்ல மத்தவங்களுக்கு யாரு சொல்றது? ஒவ்வொரு வீட்டுலயும் டி.வி. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாடையைத் தூக்கிட்டுக் கடைவீதியில போறோம், யாரு போறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. வண்டியை ஓரங்கட்டிட்டு நின்னாய்ங்க, அம்புட்டுத்தான். ஊர்ல உள்ள அத்தனை பேரு சாவையும் படிச்சவ தம்பி அவ. பேர் தெரியாத பிச்சைக்காரனுக்கு வந்த கூட்டத்துல பாதி வரல.

சவரி வந்தான். அதான் எனக்கு ஆச்சரியம். அவனுக்கு யாரு சொன்னான்னு தெரியல. மயானம் வரைக்கும் வந்தான். எல்லாம் முடிஞ்சு குளத்துல முங்கி எந்திரிச்சு வர்றப்ப பக்கத்துல வந்து நின்னான். "எங்கம்மா அடக்கத்துக்கு மொத்தமே ஏழு பேருதான் வந்தாங்கண்ணே. அதுல ஒரு ஆளு இந்த அக்கா"ன்னான். சொல்லிட்டுப் போயிட்டான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ! நான் வேண்டாம்னு சொன்ன எழவுக்குப் போயிட்டு வந்து, இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, மூச்சு விடல. என்ன பொம்பளை பாருங்க. சரி, அதை விடுங்க. ஆனா இவன் எதுக்கு அதை அன்னைக்கு வந்து என்கிட்ட சொன்னான்? அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அவனும் ஒரு மாதிரி ஆகிட்டான் போல.

அதான் தம்பி, முப்பதுக்காவது ஊரு வரணும்னு இந்த மீட்டிங்குக்குப் போனேன். ஏ.சி. ஹாலு. மேடையில மூணு அதிகாரிங்க. நடுவுல உள்ளவருக்கு இந்திதான். நாம பேசுறதை ஒரு பையன் மாத்திச் சொல்லுவான். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். எனக்கு முன்னாடி கம்பெனி சார்பா ஒரு அம்மா பேசுச்சு. ஒரே நிறுவனம் இருந்தாத்தான் ஜனங்களுக்குப் பாதுகாப்பு, தரமும் இருக்கும், ஆளாளுக்கு வயர் இழுத்தா விபத்துதான்னு சொல்லுச்சு. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. எப்படி கூசாமப் பேசுறாய்ங்க பாருங்க!

என் பேரைக் கூப்பிட்டாய்ங்க. மனுவை எழுதித்தான் கொண்டு போயிருந்தேன். மைக் முன்னாடி போய் நின்னேன். அந்த மைக்கு இருக்கே, நம்ம கன்ட்ரோல் ரூம்ல இருக்கிற அதே மாதிரி, வளைஞ்ச கழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல தம்பி. மனு கையிலயே இருக்கு. என் வாயில வருது: "மரண அறிவிப்பு. கருவேலம்பட்டி நடுத்தெரு, கேபிள் சங்கிலி அவர்களின் மனைவி முனீஸ்வரி காலமாகிட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை முப்பது கும்பிடுறோம். எல்லாரும் வந்துருங்கம்பா. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கங்கம்பா."

அந்தப் பையன் பாவம், முழிச்சான். அப்புறம் மெதுவா இந்தியில சொன்னான். எல்லாத்தையும் சொன்னான், குடை வரைக்கும். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாரு. பக்கத்துல இருந்தவர்கிட்ட ஏதோ கேட்டாரு. பையன் திருப்பிச் சொன்னான்: "ஐயா வருத்தம் தெரிவிக்கிறாங்க. இது எந்தக் கேள்விக்கான கருத்துன்னு கேட்கிறாங்க."

நான் மனுவைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். மணி அடிச்சுட்டாய்ங்க. பதிவு செய்யப்பட்டதுன்னு சொன்னாங்க. வெளிய வந்தா எலுமிச்சம்பழச் சாதம் குடுத்தாய்ங்க. சாப்பிட்டேன், பசிச்சுச்சு. காஜா பாயும் வந்திருந்தாரு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அவரு இப்ப பெட்ரோல் பங்க்ல கணக்கு எழுதுறாரு.

அங்க இருந்தவங்க மொத்தப் பேருக்கும் என் வீட்டுக்காரி செத்தது தெரியும் இப்ப. டெல்லிக்கே தெரியும். எங்க ஊருக்குத்தான் தெரியல.

இன்னைக்குக் காலையில எங்க ஊர்ல பஸ் ஏற நிக்கிறேன். ஸ்டாண்டுல பூக்கடை வச்சிருக்கிற சின்னப்பொண்ணு, பதினைஞ்சு வருஷமாத் தெரியும், அவ புருஷன் செத்தப்ப முனீஸ்வரிதான் படிச்சா. அது என்னைப் பார்த்துட்டு, "அண்ணே, அக்காவைக் கண்ணுலயே காணோமே, நல்லா இருக்காங்களா?"ன்னு கேட்குது. கையில பூவைச் சுத்திக்கிட்டே கேட்குது. நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸு வந்து நின்னுருச்சு. கண்டக்டர் ஏறு ஏறுங்கிறான்.

நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன் தம்பி.

"இந்தாங்க, அக்காவுக்குக் குடுங்க"ன்னு ரெண்டு முழம் மல்லிப்பூவை ஜன்னல் வழியா நீட்டிருச்சு. காசும் வாங்கல. அந்தப் பைக்குள்ளதான் இருக்கு, பாட்டிலுக்குப் பக்கத்துல. இந்நேரம் வாடியிருக்கும்.

ஊர் வந்துருச்சு. இறங்கினா அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகணும், வேற வழி கிடையாது. பையை எடுத்துக் குடுங்க தம்பி. பார்த்து, நசுங்காம.